வாலுக்குப் பின்னால் வந்தவன்

என் மனைவி தன் தம்பியின் வலது கையைப் பெடல் ஸ்பேனரால் அடித்து உடைத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தடுத்திருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். அவளைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். அவள் கையை ஓங்குகிறாள் என்று நமக்குப் புரிவதற்குள் அது இறங்கிவிட்டிருக்கும். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன்.

ஊரில் அவளுக்கு வால்காரி என்று பெயர். சைக்கிளுக்கு வால் செய்கிறவள். வால் என்றதும் சிரிப்பு வரும், எனக்கும் முதலில் வந்தது. சைக்கிள்காரன் குனிந்து மிதிக்கும்போது முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான், அது தெரிந்த விஷயம். அவன் முதுகுக்குப் பின்னால் அந்தக் காற்று சுழன்று சுழன்று அவனைப் பின்னுக்கு இழுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சீட்டுக்குப் பின்னால், இடுப்பு அகலத்தில் தொடங்கிப் போகப்போக ஒடுங்கும் வழவழப்பான கூடு ஒன்றைப் பொருத்தினால் காற்று சண்டை போடாமல் கலைந்து போகும். அந்தக் கூடுதான் வால். ஃபைபரில் செய்வது. ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகம், எடை இரண்டு கிலோவுக்குள். உலகத்தில் எல்லாரோடும் சண்டை போட்ட ஒருத்தி, காற்றோடு மட்டும் சமாதானமாகப் போக வழி தேடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் இருவருக்கும் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வேலை. அவள் ஃபைபர் ஷெட்டில் பம்பர் வார்ப்பாள். நான் பக்கத்து ஷெட்டில் சீட்டு தைப்பேன். அவள் சேர்ந்த முதல் வாரத்திலேயே வெல்டர் ஒருவர் அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவள் ரப்பர் சுத்தியலால் அவர் வாயில் ஒன்று வைத்தாள். இரண்டு பல் போயிற்று. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது, வேஸ்ட் துணியில் சுற்றி வைத்திருந்த பற்களை அவர் மேசையில் வைத்து, "அவரோடது சார். குடுத்துடுங்க" என்றாளாம். அதைக் கேட்ட அன்றுதான் இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்குப் புத்தி மட்டு என்று என் அண்ணன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான்.

அவள் வளர்ந்த வீடு அப்படி. அப்பா லாரி டிரைவர். வீட்டுக்கு வந்தால் பழைய சைக்கிள் டியூபை இரண்டாக மடித்து அக்காவையும் தம்பியையும் சேர்த்து விளாசுவார். அவர் இல்லாத நாட்களில் இருவரும் ஒருவரையொருவர் விளாசிக்கொள்வார்கள். தம்பிக்குக் காதில் ஒரு வெட்டு, இவளுக்குப் புருவத்தில் ஒரு தழும்பு, இரண்டும் ஒரே நாளில் வந்தவை. அந்த மனிதர் பிள்ளைகளுக்கு விட்டுப்போன ஒரே சொத்து ஒரு சட்டம். அடித்தது தப்பு என்று தெரிந்தால், அடித்தவர் தன் கையை மேசைமேல் விரித்து வைக்க வேண்டும். அடி வாங்கியவர், எதனால் அடி வாங்கினாரோ அதனாலேயே, ஒரே ஒரு முறை அடிக்கலாம். அதோடு தீர்ந்தது. அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

கல்யாணமான புதிதில் இதை நான் கண்ணால் பார்த்தேன். கத்தரிக்கோலைத் தொலைத்தான் என்று தம்பியைக் கரண்டியால் முட்டியில் அடித்தாள். கத்தரிக்கோல் என் தையல் பையில் இருந்தது. உடனே போய் மேசைமேல் கையை விரித்தாள். அவன் கரண்டியை எடுத்து, கொஞ்சமும் குறைக்காமல் அடித்தான். அவள் கையை உதறிக்கொண்டு, "சாப்பிட வாடா" என்றாள். அவன் வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இந்தத் தம்பிதான் அவளுடைய வாலைக் கட்டிக்கொண்டு ஓட்டியவன். கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கும் வேலை. வாய் நீளம், கால் அதைவிட நீளம். வருடத்துக்கு ஒரு முறை புறவழிச் சாலையை விடியற்காலையில் மூடிவிட்டு, பட்டறைகளுக்கும் ஃபாக்டரிகளுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் போட்டி நடக்கும். ஒவ்வொருவராக விடுவார்கள், நேரம்தான் கணக்கு. ஓட்டுபவனுக்கு முன்னால் எதையும் மாட்டக் கூடாது, பின்னால் என்ன வேண்டுமானாலும் மாட்டலாம். வருடா வருடம் ஐஸ் ஃபாக்டரி ஜெயிக்கும். எங்கள் பட்டறை தோற்கும், தோற்றபின் அடிதடி நடக்கும். ஒரு வருடம் அவர்களுடைய ஃபோர்மேனின் மூக்கை உடைத்ததைத்தான் எங்கள் ஆட்கள் கோப்பை மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அது போதாது, கோப்பையே வேண்டும் என்று வால்காரி இறங்கினாள்.

அவள் செய்த முதல் வால் உயரமாக, பக்கவாட்டில் தட்டையாக இருந்தது. ஒத்திகையின்போது ஒரு லாரி கடந்து போனது. லாரி கிளப்பிய காற்று வாலில் அறைந்தது. சைக்கிள் குறுக்கே திரும்பி, மச்சினன் தாரில் இருபதடி தேய்ந்துகொண்டே போய்ப் பள்ளத்தில் விழுந்தான். தோள் முதல் இடுப்பு வரை தோல் வழண்டுவிட்டது. இவள் ஓடிப்போய்த் தூக்குவாள் என்று பார்த்தால், முதலில் வாலைத்தான் தூக்கினாள். ரத்தத்தோடு எழுந்து வந்தவன் அவள் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டான். அவள் திரும்பி அவன் காலை வாரிவிட்டாள். பள்ளத்திலேயே இருவரும் உருண்டார்கள். நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அன்று சாயங்காலம் அவள் அந்த வாலைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினாள். உதவாத வாலை முழுசாக விட்டுவைக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு செய்தது ஒழுங்கான வேலை. தம்பியைச் சைக்கிளில் குனிய வைத்து, மெல்லிய கம்பியை அவன் முதுகிலும் இடுப்பிலும் வளைத்து வளைத்து வடிவம் எடுப்பாள். அதைக் காகிதத்தில் வரைந்து, பிளைவுட்டில் வெட்டி, இடையில் தெர்மோகோல் கட்டையை வைத்துச் சூட்டுக் கம்பியால் அறுப்பாள். சரிவுதான் முக்கியம். கொஞ்சம் வேகமாகச் சரிந்தாலும் காற்று ஒட்டாமல் பிய்த்துக்கொள்ளும், மெதுவாகச் சரிந்தால் வால் நீண்டு கனமாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் ஃபைபர் பாயைப் போட்டு ரெசின் பிசினைப் பூசி, காய்ந்ததும் கூட்டை உரிப்பாள். ஃபைபர் தூள் பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். அந்த நாட்களில் அவள் கைகள் சொறிந்து சொறிந்து சிவந்திருக்கும். யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

சோதனை நடப்பது விடியற்காலையில், ஐந்து கிலோமீட்டர் நேர்ச்சாலையில். வாலின் மேல் விரல் நீளத்தில் கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டுவாள். நூல் படுத்துக் கிடந்தால் காற்று ஒட்டிப் போகிறது, நூல் ஆடினால் அங்கே கிழிகிறது. அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. மோட்டார் சைக்கிளில் அவன் பின்னால் போக வேண்டும். எனக்குக் காற்று அடிக்காமல் இருக்கட்டும் என்று வண்டியின் முன்னால் அகலமான ஃபைபர் தடுப்பு ஒன்றை அவளே செய்து மாட்டியிருந்தாள். அவள் யாருக்கும் எளிதில் எதுவும் செய்து கொடுப்பவள் இல்லை என்பதால் எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

"பத்து மீட்டர் தள்ளியே வாங்க. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாருங்க. எந்த நூல் ஆடுதுன்னு எனக்குத் தெரியணும்" என்பாள். ஐந்தாவது கிலோமீட்டர் கல்லுக்கு முன்கூட்டியே போய், ஸ்டாப்வாட்சோடு நிற்பாள்.

வெள்ளை வால் வந்தது. சோதனையில் என்ன வேகம் வந்ததோ அதே வேகம் போட்டியிலும் வந்தது, விநாடி பிசகவில்லை. ஐஸ் ஃபாக்டரிக்கு அடுத்த இடம் எங்களுக்கு. அன்றுதான் அவள் வாயில் அந்த வார்த்தை ஏறியது: "மனுஷன் பொய் சொல்லுவான். வால் பொய் சொல்லாது."

அடுத்த வருடம் சாம்பல் நிற வால். சோதனையில் இன்னும் வேகம். போட்டியில் மட்டும் கணக்கைவிட இருபது விநாடி கூடுதலாக ஆனது. எதிர்க்காற்று என்று வானத்தைத் திட்டினாள். இன்னும் ஒரு வருடம் வேலை செய்து கறுப்பு வாலைக் கொண்டுவந்தாள். நூல்கள் அசையாமல் கிடந்தன. கணக்குப் பார்த்தால் நாற்பது கிலோமீட்டருக்கு வெள்ளை வாலைவிட ஒரு நிமிடம் குறைவு. ஐஸ் ஃபாக்டரி எங்களைப் பார்க்கவே முடியாது. பட்டறையில் எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எனக்குத் தூரப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கிட்டே எல்லாம் தெரியும், தையல் வேலைக்கு ஒரு குறையும் இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடி போட்டால் வண்டியை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவாள் என்று பயந்தேன். அவளுடைய வேலையில் எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். வெள்ளை வாலுக்குப் பத்து மீட்டரில் வந்தேன். சாம்பல் வாலுக்கு மூன்று மீட்டருக்குப் போனால்தான் நூல் தெரிந்தது. கறுப்பு வாலுக்குக் கை நீட்டினால் தொடும் தூரம் வரை போனேன். கல்லருகே எதிரில் நின்ற அவளுக்கு, முன்னால் சைக்கிள், அதன் பின்னால் மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான் தெரியும். இடைவெளி தெரியாது.

மச்சினனுக்குத் தெரியும். ஒரு நாள் இறங்கியதும் சொன்னான்.

"அக்கா, மாமா என் முதுகுல ஏறி உக்காந்துக்கிறாரு. இன்ஜின் சத்தம் காதுக்குள்ள கேக்குது."

"பயந்தாங்கொள்ளி. முன்னாடி பாத்து மிதிடா" என்றாள் அவள்.

நான் குனிந்து வாலில் இருந்த நூல்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

போட்டிக்கு முதல் நாள் ஐஸ் ஃபாக்டரி ஃபோர்மேன், அதே உடைந்த மூக்குக்காரர், மச்சினனின் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றதை நான்கு பேர் பார்த்தார்கள். இவன் வாய் சும்மா இருக்காமல், "நாளைக்குப் பாருங்க, எவன் எவனுக்கு விலை போறான்னு" என்று அவர்களைக் கிண்டலடித்திருக்கிறான். அந்த வார்த்தை பல வாய் மாறி இவள் காதுக்கு வந்தபோது, தம்பியே விலை போய்விட்டான் என்று தலைகீழாக வந்தது.

போட்டியில் இருபத்திரண்டு விநாடியில் தோற்றோம். கறுப்பு வால் கொடுத்திருக்க வேண்டிய ஒரு நிமிடம் வரவேயில்லை.

நேரம் குறிப்பவர்களின் மேசைமேல் மச்சினன் கையை ஊன்றி, தலை கவிழ்ந்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். வாயோரம் நுரை. இவள் நடந்துதான் வந்தாள், ஓடி வரவில்லை. வாலைக் கழற்றுவதற்காக வைத்திருந்த கருவிப் பை தோளில் இருந்தது.

"ஒரு நிமிஷம் எங்கடா போச்சு?"

"அக்கா, என்னால முடிஞ்ச வரைக்கும் மிதிச்சேன்."

"ஒரு நிமிஷம் எங்க போச்சுன்னு கேட்டேன். வால் பொய் சொல்லாது. அப்ப யார் பொய் சொல்றது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கெஞ்சியிருக்கலாம், சத்தியம் செய்திருக்கலாம். அந்த வீட்டில் யாருக்கும் அது வராது.

"நம்பலைன்னா போ" என்றான்.

ஸ்பேனர் இறங்கியது. ஒரு முறை இல்லை, இரண்டு முறை. மேசையில் இருந்த காகிதமெல்லாம் ரத்தமாயிற்று. நேரம் குறிப்பவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். ஐஸ் ஃபாக்டரிக்காரர்கள் எங்கள் மேல் பாய்ந்தார்கள், எங்கள் ஆட்கள் அவர்கள் மேல் பாய்ந்தார்கள், எதற்குச் சண்டை என்று தெரியாமலேயே கால் மணி நேரம் மண்டைகள் உடைந்தன. உடைந்த மூக்குக்காரர்தான் தன் கைக்குட்டையால் மச்சினனின் கையைக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதைப் பார்த்து இவள், "பாத்தீங்களா, யார் வந்து தூக்குறாங்கன்னு" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெட்கத்தோடு சொல்கிறேன், அன்று நானும் அவனை நம்பவில்லை.

மச்சினன் போலீசுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் கண்ணாடி விழுந்தது என்றான். எலும்பு கூடியது, ஆனால் சுட்டு விரலும் நடு விரலும் மடங்கவில்லை. கண்ணாடி அறுப்பவனுக்கு அந்த இரண்டு விரல்தான் வேலை, வைரக் கட்டரை அவற்றால்தான் பிடிக்க வேண்டும். முதலாளி நல்லவர், அறுத்த கண்ணாடிகளுக்குக் காகிதம் சுற்றும் வேலை கொடுத்தார். அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் அவன் பேச்சை எடுக்க முடியாது. எடுத்தால் தட்டு பறக்கும். மூன்று வால்களும் ஷெட் சுவரில் தொங்கின. கறுப்பு வாலைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். தம்பி துரோகி என்பதற்கு அதுதான் அவளுடைய சாட்சி.

பட்டறையில் எல்லாருக்கும் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் ஒளிய இடம் தேடினேன், கிடைக்கவில்லை. டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். எனக்குப் பலகையே மங்கலாகத் தெரிந்தது. அடுத்த வாரம் மூக்கில் கண்ணாடி ஏறியது. வால்காரி ஏற இறங்கப் பார்த்து, "வாத்தியார் மாதிரி இருக்கீங்க" என்றாள். வண்டியைப் பிடுங்கவில்லை. இதற்குப் போயா இத்தனை வருடம் பயந்தேன் என்று சிரித்துக்கொண்டேன்.

அடுத்த போட்டிக்குப் பெயிண்ட் ஷெட்டிலிருந்து ஒருவனைப் பிடித்தாள். பயந்த சுபாவம், நல்ல கால். கறுப்பு வாலை அவன் முதுகுக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாற்றி, சோதனைக்குப் போனோம். அன்று பனி. கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய பழக்கத்தில் பெயிண்டரின் முதுகோடு ஒட்டிப் போனேன். நல்ல நேரம் வந்தது, இவள் முகம் மலர்ந்தது. வெயில் வந்ததும் இரண்டாவது ஓட்டம். இப்போது கண்ணாடி போட்டிருந்தேன். பத்து மீட்டரிலிருந்தே ஒவ்வொரு நூலும் தெரிந்தது. ஐந்து கிலோமீட்டரில் எட்டு விநாடி அதிகமாயிற்று.

பெயிண்டரின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினாள். "கால்ல என்னடா, காத்தா?" அவன் அழுகிற மாதிரி, "அதே மாதிரிதாங்க மிதிச்சேன்" என்றான். மூன்றாவது ஓட்டமும் அதே மெதுவான நேரம். ஸ்டாப்வாட்சை அவன் மேல் எறிந்தாள். நெற்றி கிழிந்தது. அவன் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

நான் வண்டியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். எட்டு விநாடியை எட்டால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கு மேலேயே வரும். ஐந்து கிலோமீட்டரை எட்டால் பெருக்கினால் நாற்பது. என் கண்ணாடி சட்டைப்பையில் இருந்தால் வால் வேகமாகப் போகிறது, மூக்கில் இருந்தால் மெதுவாகப் போகிறது. அந்த அகலமான தடுப்போடு நான் ஒட்டிப் போனால், என் வண்டி முன்னால் தள்ளும் காற்று அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தை நிரப்புகிறது. அவனைப் பின்னுக்கு இழுக்க எதுவும் இல்லை. வருடா வருடம் வேகமானது வால் இல்லை. என் கண்தான் மங்கியது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் காகிதம் சுற்றும் அந்தக் கையை வாரத்துக்கு ஒரு முறையாவது கடைத்தெருவில் பார்க்கிறேன்.

"அவன் விலை போகல" என்றேன்.

"என்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். பத்து மீட்டர், மூன்று மீட்டர், கை நீளம். அவள் கேட்டுக்கொண்டே வந்து என் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். நொறுக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அதைத் தன் கண்ணில் வைத்துச் சாலையைப் பார்த்தாள். பிறகு திருப்பி என் முகத்தில் மாட்டிவிட்டாள்.

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

"அவன் சொன்னான்ல. முதுகுல ஏறுறாருன்னு சொன்னான்ல."

கிலோமீட்டர் கல்லின் மேல் உட்கார்ந்தாள். அடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவளைப் பார்த்து நான் நிஜமாகப் பயந்தது அன்றுதான்.

ஷெட்டுக்குப் போனதும் மூன்று வால்களையும் இறக்கினாள். சம்மட்டியை எடுத்தாள். கறுப்பு வாலை உடைக்கும்போது ஃபைபர் சில்லுகள் தெறித்து அவள் கழுத்திலும் கன்னத்திலும் குத்தி நின்றன. அவற்றைப் பிடுங்கக்கூட இல்லாமல், கருவிப் பையிலிருந்து அந்தப் பெடல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் மச்சினன் தனியாக இருந்தான். மத்தியான நேரம், முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கண்ணாடி அறுக்கும் பெரிய மேசைமேல் கீறல் விழாமல் இருக்கக் கம்பளி விரித்திருந்தது. சுவரெல்லாம் கண்ணாடி சாய்த்து வைத்திருந்ததால் நாங்கள் மூன்று பேரும் ஏழெட்டுப் பேராகத் தெரிந்தோம். அவள் கையில் ஸ்பேனரைப் பார்த்ததும் அவன் ஒரு காகிதக் கட்டைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டான்.

"வால் பொய் சொல்லிடுச்சுடா" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. என் கண்ணைப் பற்றி நான் சொன்னேன். என் மூக்கையும் கண்ணாடியையும் அவன் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பவே சொன்னேனே அக்கா."

"சொன்ன."

"நீ என்ன சொன்ன?"

"பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன்."

மேசைமேல் இருந்த கம்பளியை இழுத்துக் கீழே எறிந்தாள். வெறும் பலகையில் வலது கையை விரித்து வைத்தாள். ஸ்பேனரை அவன் பக்கம் தள்ளினாள்.

"அடி."

"போக்கா. அதெல்லாம் சின்ன வயசுல."

"அடிடா."

அவன் ஸ்பேனரைப் பார்த்தான். பிறகு ஒரு வருடக் கோபம் முகத்தில் ஏறியதை நான் பார்த்தேன். அடிக்கத்தான் போகிறான் என்று தெரிந்தது. ஸ்பேனரை எடுத்து ஓங்கினான். மடங்காத இரண்டு விரல்களுக்கு இடையே அது நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். மறுபடி ஓங்கினான். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறையும் எடுத்துக் கொடுத்தாள்.

"பிடி நிக்க மாட்டேங்குதுக்கா" என்றான். கோபமெல்லாம் போய் வெட்கப்படுகிறவன் மாதிரி சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் ஸ்பேனரை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். மூடாத இரண்டையும் தன் இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, விடு. வேணாம், விடுக்கா" என்று பின்னால் இழுத்தான். பம்பர் தூக்கிப் பழகிய கை அவளுடையது. அவன் கையையும் சேர்த்துத் தூக்கி, தன் வலது கையின் மேல் இறக்கினாள்.

கத்தியது அவன்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரோரக் கண்ணாடி ஒன்றில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பலகையில் ரத்தம் ஓடியது. அவன் மளமளவென்று காகிதத்தைக் கிழித்து அவள் கையைச் சுற்ற ஆரம்பித்தான். சுற்றுவதில் நல்ல பழக்கம் வந்துவிட்டிருந்தது.

நான் போய் என் கையை மேசைமேல் விரித்து வைத்தேன்.

அவன் ஒரு பார்வை பார்த்தான். "நீங்க எதால அடிச்சீங்க மாமா, கண்ணாலயா? அதுக்கு நான் எதை எடுத்து அடிக்கறது? கைய எடுங்க, ரத்தம் ஆகுது. போய் வண்டிய எடுங்க."

இப்போது அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் வால் செய்கிறார்கள். அவளுக்கும் இரண்டு விரல் சரியாக மடங்குவதில்லை. ஒருவரால் முடியாததை மற்றவர் பிடித்துக்கொள்கிறார். சண்டை போடுகிறார்கள், சாமான் எறிகிறார்கள், போன மாதம் ரெசின் டப்பா பறந்து என் தையல் மெஷின் மேல் கொட்டியது. பெயிண்டரின் வீட்டுக்குப் போய் மேசைமேல் கை வைத்து அவனை மிரட்டி, அழ வைத்து, ஓட்டுவதற்குக் கூட்டி வந்துவிட்டாள். நூல் பார்க்க இனிப் பின்னால் யாரும் போக வேண்டாம், சாலையோரம் கேமரா வைத்துப் படம் எடுத்தால் போதும் என்பது மச்சினன் யோசனை. நல்ல யோசனைதான். வெள்ளை வால் மாதிரியே வந்திருக்கிறது புது வால், அதைவிட வேகம் இல்லை என்றாலும் சோதனையில் வந்ததுதான் போட்டியிலும் வருகிறது. என் வண்டியின் முன்னால் இருந்த தடுப்பை அவள் கழற்றிவிட்டாள். காற்று நேரே நெஞ்சில் அடிக்கிறது.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். அவள் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தாள். என் கை மேசைமேல் சும்மா கிடந்தது.

"அன்னைக்கு என்னையும் ஒரு அடி அடிச்சிருக்கலாம்ல."

அவள் என் கையைப் பார்த்தாள்.

"அடிச்சா தீந்துடும்" என்றாள். "உங்களுக்குத் தீர வேண்டாம்."

தண்ணீர் டம்ளரை என் கை எட்டும் தூரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.